மாதம் 31 பவுண்ட் கட்டி பொயிலருக்குக் காப்புறுதி வேண்டுமா?

லண்டன் ஹரோ பகுதியிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 52. கணவர், பல்கலைக்கழகம் போகும் மகன், 79 வயது மாமி என்று நாலு பேர் வாழும் சொந்த வீடு. வீட்டைச் சூடாக்கிச் சுடுநீரும் தரும், குசினிச் சுவரில் மாட்டிய கொம்பி பொயிலருக்கு ஐந்து வயது. மூன்று வருடங்களுக்கு முன் தொலைபேசியில் வந்த ஓர் அழைப்பை நம்பி, கணவர் பொயிலர் காப்புறுதி எடுத்தார். முதல் வருடம் மாதம் 17 பவுண்ட், இரண்டாம் வருடம் 22, மூன்றாம் வருடம் 26. அடுத்த மாதம் புதுப்பிக்கும்போது 31 ஆகும் என்று கடிதம் வந்திருக்கிறது.

போன தை மாதம், கண்ணாடியில் உறைபனி பிடித்த ஒரு காலையில், பொயிலர் நின்றுவிட்டது. காப்புறுதி நிறுவனத்தின் ஆள் மூன்றாம் நாள்தான் வந்தார். இருபது நிமிடம் பார்த்துவிட்டு, "ரேடியேற்றர் தண்ணீரில் சேறு இருக்கிறது, வருடாந்த சேர்விஸும் செய்யவில்லை, இது காப்புறுதியில் வராது" என்று சொல்லிப் போய்விட்டார். மாமியைப் போர்வைகளால் சுற்றி உட்கார வைத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவர் மூலம் வேறு என்ஜினியரைக் கூப்பிட்டார்கள். அவர் மின்னணுப் பலகையை மாற்றினார். அன்றே பொயிலர் ஓடத் தொடங்கியது. செலவு 340 பவுண்ட்.

கடிதத்தின் கடைசியில் கேட்டிருப்பது இதுதான்: "மகன் இந்தக் காப்புறுதியை வெட்டச் சொல்கிறார். கணவர், வயதான அம்மா இருக்கும் வீட்டில் காப்புறுதி இல்லாமல் இருக்கப் பயமாக இருக்கிறது என்கிறார். மோர்கேஜ் இருப்பதால் இது கட்டாயமோ என்றும் தெரியவில்லை. அந்த 340 பவுண்ட் போனது போனதுதானா? இன்னொன்று, ஈஸ்ற்ஹாமில் வாடகைக்கு இருக்கும் என் தம்பியிடம், பொயிலர் காப்புறுதியை நீதான் எடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அது சரியா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நான் நுகர்வோர் வழக்குகளைப் பார்க்கும் சட்டத்தரணி. பொயிலரைத் திருத்தத் தெரியாது. ஆனால் பொயிலர் காப்புறுதிக் கடதாசிகளை நிறையப் படித்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது: "பொயிலர் பூட்டியபோது தந்த கோப்பில் பத்து வருட உத்தரவாதம் என்று ஒரு கடதாசி இருக்கிறது, அது எதற்கென்று தெரியவில்லை." சகோதரி, உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்தக் கடதாசியில்தான் இருக்கிறது.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். பொயிலர் காப்புறுதி எந்தச் சட்டத்தின்படியும் கட்டாயம் இல்லை. மோர்கேஜ், அதாவது வீட்டுக் கடன், தரும் வங்கி வழக்கமாகக் கேட்பது கட்டடக் காப்புறுதியை. தீயோ வெள்ளமோ வந்தால் வீடு போய்விடக் கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை. உங்கள் பொயிலர் நின்றால் வங்கிக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே இதை எடுப்பதும் விடுவதும் முழுக்க உங்கள் விருப்பம்.

மூன்று வேறு கடதாசிகள்

நம் ஆட்கள் பலர் உத்தரவாதம், சேர்விஸ், காப்புறுதி மூன்றையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது.

உத்தரவாதம் என்பது பொயிலரைச் செய்த நிறுவனம் தருவது. உள்ளே ஒரு பாகம் பழுதானால் தன் செலவில் மாற்றித் தரும். நீங்கள் தனியாகக் காசு கட்டத் தேவையில்லை. பொயிலரின் விலையிலேயே அது சேர்ந்திருக்கிறது. ஆனால் வழக்கமாக இரண்டு நிபந்தனைகள் இருக்கும். பூட்டியதும் குறித்த நாட்களுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் கேஸ் சேஃப் என்ற எரிவாயு வேலைக்கான பதிவுள்ள என்ஜினியர் சேர்விஸ் செய்து, பொயிலரோடு வந்த புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைத்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு வருடம் சேர்விஸ் செய்தோம், பிறகு "ஓடுகிற சாமானை ஏன் திறக்க வேண்டும்" என்று கணவர் விட்டுவிட்டார் என எழுதியிருக்கிறீர்கள். அவரைக் குறை சொல்லவில்லை, பல வீடுகளில் கேட்கும் வார்த்தைதான் அது. ஆனால் ஒரு சேர்விஸுக்கு ஏறக்குறைய 80 முதல் 120 பவுண்ட்தான் வரும். அதை ஒழுங்காகச் செய்திருந்தால், போன தையில் பழுதான அந்தப் பலகையைப் பொயிலர் நிறுவனமே இலவசமாக மாற்றித் தந்திருக்கும் வாய்ப்பு மிக அதிகம். மூன்று வருடத்தில் நீங்கள் காப்புறுதிக்குக் கட்டியது 204, 264, 312, மொத்தம் 780 பவுண்ட். அந்தக் காசில் மூன்று வருட சேர்விஸும் முடிந்து பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். பொயிலரின் முன்மூடிக்குக் கீழே அல்லது பக்கத்தில் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பொயிலர் நிறுவனத்துக்கு நேரே தொலைபேசி எடுங்கள். உத்தரவாதம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, சேர்விஸ் தவறியதால் போய்விட்டதா, இப்போது ஒரு சேர்விஸ் செய்தால் மீட்க முடியுமா என்று கேளுங்கள். என்ன சொன்னாலும் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்குக் காசில்லை. மிச்சம் ஐந்து வருடம் என்பது சின்ன விடயமும் இல்லை.

340 பவுண்ட் போனது போனதல்ல

இதில் உங்களிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. இரண்டாவதாக வந்த என்ஜினியரிடம் ரசீது வாங்கியிருக்கிறீர்கள். "தெரிந்த பெடியன்தானே" என்று கையில் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் என்னிடம் வருபவர்கள் பலர். நீங்கள் அந்தத் தவறைச் செய்யவில்லை.

நிறுவனம் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, சேறு. அறைகளைச் சூடாக்கும் ரேடியேற்றர்களின் உட்புறம் துருப்பிடித்து, கறுத்த சேறாகத் தண்ணீரில் சுற்றும். அது பம்பையும் வெப்பமாற்றியையும் அடைக்கும். பெரும்பாலான பொயிலர் காப்புறுதிகளில் சேற்றால் வரும் பழுதுக்கு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் விலக்கைக் காட்டி மறுப்பவர்தான் அது பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும். தண்ணீரில் சேறு இருந்தது என்பது போதாது. அந்தச் சேற்றால்தான் பொயிலர் நின்றது என்று காட்ட வேண்டும். உங்கள் வீட்டில் தண்ணீரைத் தொடாமல் ஒரு மின்னணுப் பலகையை மாற்றியதும் பொயிலர் ஓடியிருக்கிறது. அப்படியானால் சேறு எங்கே காரணம்?

இரண்டாவது, சேர்விஸ் செய்யவில்லை என்பது. இதற்கு 2015ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டத்தில் 11ஆம் பிரிவு உங்களுக்குத் துணை வரும். ஒரு நிபந்தனையை நீங்கள் மீறியிருந்தாலும், நடந்த அந்த இழப்பு நடக்கும் ஆபத்தை அந்த மீறல் கூட்டியிருக்க முடியாது என்று நீங்கள் காட்டினால், அதை வைத்து நிறுவனம் மறுக்க முடியாது. பலகையைத் திருத்திய என்ஜினியரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: எந்தப் பாகம் பழுது, அதற்குச் சேறு காரணமா, வருடாந்த சேர்விஸ் செய்திருந்தால் அதைத் தடுத்திருக்கலாமா. அவர் நேர்மையாக என்ன எழுதுகிறாரோ அதை அப்படியே அனுப்புங்கள். கூட்டிக் குறைத்து எழுதச் சொல்ல வேண்டாம்.

அதோடு உங்கள் காப்புறுதியின் அட்டவணைப் பக்கத்தையும் பாருங்கள். வருடாந்த சேர்விஸ் அந்தத் திட்டத்துக்குள்ளேயே அடக்கம் என்று இருக்கலாம், சில திட்டங்களில் அப்படித்தான். மூன்று வருடமும் காசை வாங்கிக்கொண்டு, சேர்விஸுக்கு ஆளை அனுப்பாமல் விட்டு, பிறகு "சேர்விஸ் இல்லை" என்று மறுத்தால் அது தனியான முறைப்பாடு. இன்னொன்றும் கேளுங்கள்: தொலைபேசியில் விற்றபோது, பொயிலருக்கு ஏற்கெனவே உத்தரவாதம் இருக்கிறதா என்று கேட்டார்களா? வாடிக்கையாளரின் தேவைக்குப் பொருந்தும் காப்புறுதியைத்தான் விற்க வேண்டும் என்பது விதி. இரண்டு வயதுப் பொயிலருக்கு, உத்தரவாதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் விற்றிருந்தால், அதையும் எழுதுங்கள்.

நீங்கள் இதுவரை செய்தது தொலைபேசியில் சண்டை பிடித்தது மட்டும். இனி எழுத்தில் போங்கள். மின்னஞ்சலின் தலைப்பிலேயே இது முறைப்பாடு என்று தெளிவாகப் போடுங்கள். பொயிலர் நின்ற நாள், நீங்கள் அழைத்த நாள், ஆள் வந்த நாள், அவர் சொன்ன காரணம், உண்மையில் மாற்றிய பாகம், ரசீதின் படம், வீட்டில் 79 வயதானவர் மூன்று நாள் குளிரில் இருந்தது, எல்லாம் வரிசையாக வரட்டும். கேட்பது இதுதான்: 340 பவுண்டும், பட்ட சிரமத்துக்கு நட்டஈடும்.

முடிவான பதிலைத் தர நிறுவனத்துக்கு எட்டு வாரம் இருக்கிறது. பதில் திருப்தி இல்லையென்றாலோ, எட்டு வாரம் தாண்டினாலோ, நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளைத் தீர்க்கும் ஃபினான்ஷியல் ஒம்புட்ஸ்மன் சேர்விஸுக்குப் போகலாம். அங்கே உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை, சட்டத்தரணியும் தேவையில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஒரு கவனம். "பொயிலர் கவர்" என்று விற்கப்படும் எல்லாமே காப்புறுதி அல்ல. சில வெறும் பராமரிப்பு ஒப்பந்தங்கள். பத்திரத்தில் காப்புறுதி வழங்குபவர் யார் என்று ஒரு நிறுவனத்தின் பெயரும், நிதி நடத்தை ஆணையத்தின் (FCA) பதிவும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒம்புட்ஸ்மன் பொதுவாகப் பார்க்க மாட்டார். அப்போது உங்கள் வழி 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம். எந்தச் சேவையையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது அது. இருபது நிமிடத்தில் தவறான காரணத்தைச் சொல்லிவிட்டுப் போவது அதற்குள் அடங்காது. முடியாவிட்டால் சிறு வழக்குகளுக்கான நீதிமன்ற வழி இருக்கிறது.

31 பவுண்டுக்கு என்ன கிடைக்கிறது?

கணவரின் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. வயதானவர் இருக்கும் வீட்டில் ஹீற்றிங் நிற்பது விளையாட்டல்ல. ஆனால் காப்புறுதி எதை வாங்கித் தருகிறது என்று நிதானமாகப் பாருங்கள். பழுதின் செலவை அது பகிர்கிறது. வேகத்தை அது உறுதியாகத் தருவதில்லை. உறைபனி வாரத்தில் எல்லா வீட்டு பொயிலரும் ஒன்றாக நிற்கும்போது அவர்களுடைய ஆட்களும் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள். அதை நீங்களே மூன்று நாள் அனுபவித்துவிட்டீர்கள்.

வருடம் 372 பவுண்ட். அது காப்புறுதியாக இருந்தால் அதற்குள் 12 வீதம் காப்புறுதி வரியும் அடங்கும். பல திட்டங்களில் ஒவ்வொரு தடவையும் முதல் தொகையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், அதைத்தான் எக்ஸஸ் என்கிறார்கள். சேறு, சுண்ணாம்புப் படிவு, எடுக்கும் முன்பே இருந்த பழுது, எடுத்த முதல் சில வாரங்களில் வரும் பழுது எல்லாம் பெரும்பாலும் வெளியே. பொயிலர் திருத்த முடியாமல் போனால் புதிது தருவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். சில திட்டங்கள் மட்டும்தான் அதைத் தரும், அதுவும் பொயிலர் குறித்த வயதுக்குள் இருந்தால்தான். மற்றவை ஒரு சிறு தொகையைத் தந்து விலகிவிடும். புதுக் கொம்பி பொயிலர் பூட்ட 2,000 முதல் 3,500 பவுண்ட் வரை போகும், அந்தப் பெரிய அடிக்குத்தான் மனிதர் பயப்படுகிறார். அதையே பெரும்பாலான திட்டங்கள் தாங்குவதில்லை.

ஆகவே உங்கள் நிலைமையில் என் ஆலோசனை தெளிவானது. இந்தத் திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டாம். உத்தரவாதத்தை மீட்க முடிந்தால் வருடா வருடம் சேர்விஸ் செய்து அதைக் காப்பாற்றுங்கள். கட்டியிருந்த 31 பவுண்டில் சேர்விஸுக்கு மாதம் எட்டு, ஒன்பது ஒதுக்குங்கள். மிச்சத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். வருடத்துக்கு 260 பவுண்ட் போலச் சேரும். பழுது வராவிட்டால் அந்தக் காசு உங்களுடையது.

உத்தரவாதத்தை மீட்க முடியாது என்று சொல்லிவிட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திடீரென்று 400 பவுண்ட் கேட்டால் எடுக்க வழியில்லாத வீடு என்றால், அந்தக் கணக்கு நிரம்பும் வரைக்கும் ஒரு காப்புறுதி வைத்திருப்பதில் தவறில்லை. கடன் அட்டையில் கடன் ஏறுவதை விட அது மேல். ஆனால் இதே நிறுவனத்தில் வந்த விலைக்குத் தொடர வேண்டாம். அதற்கு முன் உங்கள் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தையும், மாதக் கட்டணம் உள்ள வங்கிக் கணக்கு இருந்தால் அதன் கடதாசியையும் எடுத்து, "ஹோம் எமேஜென்சி" என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அது ஏற்கெனவே இருக்கிறது, அதிலேயே பொயிலரும் அடங்கும். தெரியாமல் இரண்டு இடத்தில் காசு கட்டுகிறார்கள். புதிதாக எடுத்தால், பொயிலரின் வயது, சேர்விஸ் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையை மட்டும் சொல்லுங்கள். அங்கே மாற்றிச் சொன்னால் பிறகு சட்டம் உங்கள் பக்கம் நிற்காது.

நிறுத்தும் முறை

வங்கியில் டிரெக்ட் டெபிற்றை மட்டும் வெட்டிவிட்டு இருக்க வேண்டாம். அது காசு போவதை நிறுத்தும், ஒப்பந்தத்தை நிறுத்தாது. பிறகு கடன் வசூலிப்பவரின் கடிதம் வரும். புதுப்பிக்க விரும்பவில்லை என்று இப்போதே எழுதி அனுப்புங்கள், பதிலை வைத்திருங்கள். தவறுதலாகப் புதுப்பிக்கப்பட்டாலும், காப்புறுதிக்கு 14 நாள் மனம் மாறும் காலம் உண்டு. திட்டத்தை நிறுத்தினால் பழைய முறைப்பாடு செத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தையில் நடந்ததற்கான உரிமை அப்படியே இருக்கும்.

மாமிக்காக

கணவரின் பயத்துக்கு உண்மையான மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீற்றர் இரண்டு வாங்கி அலுமாரியில் வையுங்கள். பொயிலர் நின்ற அன்றே மாமியின் அறை சூடாக இருக்கும். உங்கள் எரிவாயு, மின்சார நிறுவனத்திடம் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் (Priority Services Register), அதாவது கூடுதல் உதவி தேவைப்படுபவர்களின் பட்டியலில், வீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். அது இலவசம், ஓய்வூதிய வயதைத் தாண்டியவர் இருப்பதே போதும். நம்பிக்கையான ஒரு என்ஜினியரை வெயில் காலத்திலேயே பிடித்து வையுங்கள். கோடையில் சேர்விஸுக்குக் கூப்பிட்ட வீட்டுக்கு அவர் தையில் ஓடி வருவார். இன்னும் சிலர் "கோர்கி ஆள்" என்று சொல்கிறார்கள், 2009 ஏப்ரலிலேயே அந்தப் பதிவு போய் கேஸ் சேஃப் வந்துவிட்டது. அட்டையைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகுதி என்று அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று, இது என் வீட்டில் நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாசிக் காலையில் பொயிலர் களக் களக் என்று தண்ணீர் கொப்பளிப்பது போலச் சத்தம் போட்டு நின்றது. என்ஜினியர் தொலைபேசியிலேயே கேட்டார்: "வெளிச்சுவரில் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் தெரிகிறதா?" தற்போதைய பொயிலர்கள் வெளியேற்றும் தண்ணீர் அந்த மெல்லிய குழாயால்தான் போகும். வெளியே உறைந்து அடைபட்டால் பொயிலர் தானே நின்றுவிடும். கொதிநீர் அல்ல, கை பொறுக்கும் சுடுநீரைப் போத்தலில் எடுத்து அதன் மேல் மெதுவாக ஊற்றினேன். பத்து நிமிடத்தில் பனி விட்டு, ரீசெற் பொத்தானை அழுத்தியதும் நீலச் சுவாலை வந்தது. அதற்கு ஆளைக் கூப்பிட்டிருந்தால் வருகைக் கூலி கட்டியிருப்பேன். அதே போல அழுத்தம் காட்டும் முள், பொயிலர் ஆறியிருக்கும்போது 1க்கும் 1.5 பாருக்கும் (bar) இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் எப்படி நிரப்புவது என்று சேர்விஸுக்கு வருபவரிடம் ஒரு தடவை காட்டச் சொல்லி, மகனைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பொயிலரின் மூடியை மட்டும் நீங்கள் யாரும் திறக்க வேண்டாம்.

தம்பியின் வீட்டுக்காரர் சொல்வது சரியில்லை

ஏழு வருடத்துக்குக் குறைவான வாடகை ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு, ஹீற்றிங்கையும் சுடுநீரையும் திருத்தி வைப்பது வீட்டுக்காரரின் கடமை. 1985ஆம் ஆண்டின் வீட்டுரிமையாளர், குடியிருப்பாளர் சட்டம் 11ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அந்தக் கடமை தம்பியின் தலைக்கு மாறாது. வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒரு தடவை எரிவாயுப் பாதுகாப்புச் சோதனை செய்து, அந்தப் பதிவின் பிரதியை 28 நாளுக்குள் தம்பிக்குத் தரவும் வேண்டும். பொயிலர் காப்புறுதி வேண்டுமென்றால் வீட்டுக்காரர் தன் காசில் எடுக்கட்டும். சண்டை வேண்டாம், மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, கடைசிச் சோதனைப் பதிவை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். தராவிட்டால் எனக்கு எழுதட்டும்.

கடைசியாக, உங்கள் வீட்டில் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் இந்த வாரமே ஒன்று வாங்கிக் குசினியில் மாட்டுங்கள், மூன்று வருடம் சேர்விஸ் பார்க்காத பொயிலர் அது. எரிவாயு மணத்தாலோ அலாரம் அடித்தாலோ எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 0800 111 999 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இரவு பகல் எந்த நேரமும் வருவார்கள். அந்த இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, மாமியின் கண்ணில் படும்படி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள்.